கிங் காங் பெட்டியில் எட்டு நிமிடம் எங்கே போனது?

கேள்வி: அண்ணே, லெஸ்டரில் இருக்கும் என் சித்தப்பா ஊருக்கு வந்தபோது, பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘கிங் காங்’ படத்தின் நீண்ட பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று டிவிடி உள்ள பெட்டி. வீட்டு பிளேயரில் போட்டால் ரீஜியன் தப்பு என்று சொல்லி டிஸ்க்கை வெளியே தள்ளிவிடுகிறது. பெட்டியின் பின்னால் 192 நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஆனால் நீண்ட பதிப்பு 200 நிமிடம் என்றுதான் எல்லா இடத்திலும் படிக்கிறேன். இது வெட்டிய படமா? சித்தப்பாவிடம் சொல்லி அங்கிருந்தே ஒரு பிளேயர் அனுப்பச் சொல்லட்டுமா, இல்லை இங்கே புளூ-ரே வாங்கிவிடலாமா? பள்ளி விடுமுறையில் 9 வயது மகனோடு உட்கார்ந்து பார்க்க ஆசை.
– குளுகோர், பினாங்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, படத்தில் யாரும் கை வைக்கவில்லை. அந்த எட்டு நிமிடம் வெட்டுப்படவில்லை, ஓட்டத்தில் கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சினிமா ஒரு நொடிக்கு 24 படச்சட்டம் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருந்த ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையோ நொடிக்கு 25 கேட்கும். அதனால் அங்கே விற்ற டிவிடிகளில் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு 25 ஆக்கிவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம், கண்ணுக்குத் தெரியாது, கூர்ந்து கேட்டால் குரல்கள் ஒரு இழை மேலே ஏறினாற்போல் இருக்கும். 200-ஐ 25-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 192 வரும். தியேட்டரில் வந்த பதிப்பு 187 நிமிடம், அதே கணக்கைப் போட்டால் பால் டிவிடியில் ஏறக்குறைய 180. ஆக உங்கள் பெட்டியில் 180-ஐ ஒட்டி ஒரு எண் இருந்திருந்தால்தான் சித்தப்பா ஏமாந்துவிட்டார் என்று அர்த்தம். 192 என்றால் நீண்ட பதிப்பேதான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் படத்தின் டிவிடிகளில் அட்டையில் இருக்கும் வார்த்தைகளை நம்பினால் ஆள் காலி. 2006 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு டிஸ்க் உள்ள ‘ஸ்பெஷல் எடிஷன்’ ஒன்று வந்தது, பார்க்க ரொம்ப கனமாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது தியேட்டர் பதிப்பும் கூடுதல் சரக்கும்தான். 13 நிமிடம் சேர்த்த நீண்ட பதிப்பு அதே ஆண்டு நவம்பரில் மூன்று டிஸ்க்காக வந்தது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆன்லைனில் யாராவது விற்றால் அட்டைப் படத்தைக் கேட்காதீர்கள், பின்பக்கத்தில் நிமிடம் எழுதியிருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமிங்கிலும் இதே வழிதான், 3 மணி 7 நிமிடம் என்று காட்டினால் தியேட்டர் பதிப்பு, 3 மணி 20 நிமிடத்தை ஒட்டி இருந்தால் நீண்டது. அப்புறம் இன்னொரு குழப்பம், ‘கிங் காங் நீண்ட பதிப்பு’ என்று தேடினால் 1976-இல் வந்த மறு ஆக்கமும் வந்து நிற்கும். அதற்கும் அமெரிக்க டிவியில் இரண்டு இரவாகப் போட்ட மூன்று மணி நேரப் பதிப்பு ஒன்று உண்டு, 2021-இல் அது டிஸ்க்கிலும் வந்தது. அவசரத்தில் அதை வாங்கிவிட வேண்டாம்.

சரி, ரீஜியன் விஷயம். டிவிடிக்கு உலகத்தைக் கூறு போட்டு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள், எண் ஒத்துப்போகாத டிஸ்க்கை பிளேயர் ஓட்டாது, அதுதான் பூட்டு. மலேசியா 3, பிரிட்டன் 2, இந்தியா 5, அமெரிக்கா 1. அப்படியானால் சென்னையிலிருந்து வந்த தமிழ்ப்பட டிவிடி எல்லாம் நம் வீட்டில் இத்தனை வருடமாக எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். அவற்றைப் பெரும்பாலும் பூட்டே போடாமல்தான் விற்றார்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்குவார்கள் என்று தெரியும் அல்லவா. ஹாலிவுட் கம்பெனிகள் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை, ஒரு நாட்டில் படம் தியேட்டருக்கு வரும் முன்னால் இன்னொரு நாட்டு டிவிடி போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்ற பயம்.

இதற்குக் காசு செலவழிக்காத வழியை முதலில் பாருங்கள். நம் ஊரில் விற்ற மலிவு பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டிலேயே பூட்டைத் திறக்கலாம். தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அல்லது செட்டப் பக்கத்துக்குப் போய், குறிப்பிட்ட சில எண்களை அழுத்தினால் ரீஜியன் என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும், அதை 0 என்று மாற்றிவிட்டால் எந்த நாட்டு டிவிடியும் ஓடும். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், பிளேயரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரோடு ‘ரீஜியன் ஃப்ரீ கோடு’ என்று சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதானால் கொஞ்சம் ஜாக்கிரதை. அதில் உள்ள டிவிடி டிரைவில் ரீஜியனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் எங்கே நிற்கிறதோ அதோடு பூட்டிக்கொள்ளும். ஆகவே விண்டோஸ் கேட்டதும் சரி சரி என்று தட்டாமல் முதலில் விஎல்சி (VLC) என்ற இலவச வீடியோ மென்பொருளில் திறந்து பாருங்கள், பல டிரைவ்களில் அது எதையும் கேட்காமல் ஓட்டிவிடுகிறது.

சித்தப்பாவிடம் பிளேயர் மட்டும் கேட்காதீர்கள். மூன்று பின் பிளக் நம் சுவரில் அப்படியே பொருந்தும், மின்சாரமும் ஒத்துப்போகும், அதனால் நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் அந்த ஊர் பிளேயர் அந்த ஊர்ப் பூட்டோடு வரும். இந்தப் பெட்டி ஓடும், வீட்டில் ஏற்கனவே இருக்கும் ரீஜியன் 3 டிவிடிகள் ஓடாது. புளூ-ரே பிளேயராக இருந்தால் இன்னும் மோசம், புளூ-ரேக்கு தனிக் கூறு. நாம் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. அங்கிருந்து வரும் பிளேயர் ‘பி’-யிலேயே உட்கார்ந்திருக்கும், இங்கே நீங்கள் வாங்கப்போகும் ‘ஏ’ டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டிவிடி பூட்டைப் போல ரிமோட்டில் நாலு எண்ணைத் தட்டித் திறக்கிற வேலையும் அதில் பெரும்பாலும் நடக்காது.

புளூ-ரே வாங்குவது நல்ல யோசனைதான், பணம் போடுவதென்றால் அதில் போடுங்கள். 2009-இல் வந்த புளூ-ரேயில் இரண்டு பதிப்பும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. படம் இரண்டு தடவை பதியப்படவில்லை. பொதுவான பகுதி ஒருமுறை, சேர்த்த காட்சிகள் தனியாக, மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப பிளேயர் அங்கங்கே தாவித் தாவி ஓட்டும். பழைய பிளேயர்களில் இந்தத் தாவுகிற இடத்தில் ஒரு கணம் படம் நின்று ஓடலாம், டிஸ்க் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பிளேயரின் மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2017-இல் புளூ-ரேயைவிடக் கூர்மையான படத்துக்கான 4கே டிஸ்க்கும் வந்தது. 4கே டிஸ்க்குக்கு ரீஜியன் என்ற பேச்சே கிடையாது, சித்தப்பா அனுப்பினாலும் ஓடும். ஆனால் 4கே என்றதும் மயங்கிவிடாதீர்கள். இந்தப் படத்தின் கிராபிக்ஸ் வேலையும் இறுதித் தொகுப்பும் அதைவிடக் குறைந்த நுணுக்கமுள்ள 2கே அளவில்தான் முடிக்கப்பட்டன, பிறகு பெரிதாக்கியதுதான் 4கே. நிறமும் வெளிச்சமும் நன்றாக இருக்கும், புதிதாக நுணுக்கம் கொட்டாது. 4கே பிளேயரும் அதற்கேற்ற டிவியும் ஏற்கனவே இருந்தால் வாங்கலாம், இதற்காகவே பிளேயர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், 500 வெள்ளிக்குள் உள்ள பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு, விலை பார்க்கும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய டிஸ்க் குவியலில் தேடுகிற பழக்கம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், சிவப்பு நிறப் பெட்டியில் ‘எச்டி டிவிடி’ என்று ஒரு கிங் காங் கண்ணில் படலாம். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் கருவிக்கு தனியாக விற்ற டிரைவோடு கொடுத்த டிஸ்க் அது. படம் புதுசு போல இருக்கும், விலையும் சல்லிசு, ஆனால் தியேட்டர் பதிப்பு, மேலும் புளூ-ரே பிளேயரில் ஓடவே ஓடாது. அந்த வகை டிஸ்க் 2008-லேயே செத்துவிட்டது. மேசை மேல் அழகாக வைக்கலாம், அவ்வளவே.

இப்போது மகனோடு பார்க்கும் விஷயம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை பார்க்கிற பிள்ளைக்கு நான் தியேட்டர் பதிப்பைத்தான் போடுவேன். நீண்ட பதிப்பு என்றதும் கதைக்கு இன்னும் ஆழம் சேர்த்திருப்பார்கள் என்று தோன்றும். இங்கே சேர்த்ததில் பெரும்பகுதி தீவில், காட்டுக்குள், மனிதர்கள் பிராணிகளிடம் மாட்டிக்கொள்கிற காட்சிகள்தான். கொம்பு வைத்த டைனோசர் ஒன்று ஆட்கள் மேல் பாய்கிறது. பிறகு தெப்பம் கட்டிச் சதுப்பு நீரைக் கடக்கும்போது அடியிலிருந்து ராட்சத மீன் ஒன்று வந்து கவிழ்க்கிறது, அந்தத் தண்ணீர்க் காட்சி நல்ல பயம், கலங்கிய நீரில் எது எங்கே வருகிறது என்று தெரியாமல் பிடித்துவைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் ராணுவம் வரும் இடமும் கொஞ்சம் நீள்கிறது.

1933-இல் வந்த முதல் கிங் காங்கைப் பார்த்தவர்களுக்கு இவை ஏன் இருக்கின்றன என்று உடனே விளங்கும். அதில் தேடிப்போகிறவர்கள் முதலில் முதுகில் தகடு வைத்த டைனோசரை எதிர்கொள்வார்கள், அப்புறம் தெப்பத்தில் போகும்போது நீண்ட கழுத்துப் பிராணி கவிழ்க்கும், அப்புறம் பள்ளத்தின் மேல் கிடக்கும் மரத்துண்டுப் பாலம். ஜாக்சன் அந்தப் படிக்கட்டை அப்படியே வைத்து எடுத்திருந்தார், தியேட்டருக்கு வந்தபோது நீளம் கருதி நடுப்படிகளை உருவிவிட்டார்கள். நீண்ட பதிப்பில் பழைய வரிசை திரும்ப வருகிறது. அந்தப் பழைய படத்தின் மேல் அவருக்கு இருந்த பைத்தியம் சாதாரணமானது இல்லை. 1933 படத்தில் பள்ளத்துக்குள் விழுந்தவர்களைப் பூச்சிகள் தின்கிற காட்சி வெளியீட்டுக்கு முன்பே நீக்கப்பட்டுத் தொலைந்துபோனது, அதையே பழைய பாணியில், கறுப்பு வெள்ளையில், பொம்மையை அசைத்து அசைத்துப் படம்பிடித்து மறுபடி உருவாக்கி, 2005-இல் வந்த அந்தப் பழைய படத்தின் டிவிடியில் சேர்த்தார். அந்த ஈடுபாடு இல்லாதவர்களுக்கு நீண்ட பதிப்பு நீளமாகத்தான் தெரியும். இந்தப் படத்தின் மேல் எல்லோரும் வைக்கும் குறை, காங் முகத்தைக் காட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே என்பது. நீண்ட பதிப்பு அந்தக் குறையைத் தொடக்கூட இல்லை.

எந்தப் பதிப்பைப் போட்டாலும் பூச்சிப் பள்ளம் வரும், அதில் கொழுத்த புழுக்கள் ஒரு மனிதனை முழுங்குகிற இடம் பெரியவர்களுக்கே வயிற்றைப் பிரட்டும். தீவுக்காரர்கள் முதலில் தாக்கும் காட்சியும் கொடூரம். மகன் எதற்குப் பயப்படுவான் என்று உங்களுக்குத்தான் தெரியும், தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் ரிமோட்டைக் கையில் வைத்துச் சமாளிக்கலாம். நம் படங்களைப் போல இடைவேளை கிடையாது, நீங்களே விடுங்கள். கப்பல் தீவை அடைகிற இடத்தில் ஒன்று, கடற்கரையில் காங் மயங்கி விழுந்து கதை நியூயார்க்குக்குத் தாவுகிற இடத்தில் இன்னொன்று. இரண்டாவது இடைவேளையோடு அன்றைக்கு நிறுத்தி, மீதியை மறுநாள் போட்டாலும் படம் கெடாது.

புளூ-ரே வாங்கினாலும் சித்தப்பா கொடுத்த பெட்டியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். படம் எப்படி உருவானது என்று மூன்று மணி நேரத்துக்கு ஓடும் ஆவணப்படம் மூன்றாவது டிஸ்க்கில் இருக்கும், 2009 புளூ-ரேயில் அது கிடையாது. முகத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு நடிகர் ஆண்டி செர்கிஸ் காங்காக உறுமுவதைப் பார்த்தால் உங்கள் மகன் படத்தைவிட அதை ரசிப்பான் என்று நினைக்கிறேன். ஜாக்சனும் திரைக்கதையில் பங்கெடுத்த ஃபிலிப்பா போயன்ஸும் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வரும் ஒலித்தடமும் உண்டு. நம் பினாங்கு ஈரக்காற்றில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும், சன்னலோரம் வைக்காதீர்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் விழுந்த இடத்தில் படம் நின்றுவிடும்.

ரிமோட் எண்களைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பிளேயரின் மாடல் நம்பரை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.