அன்னா கண்களைச் சுருக்கும்போது

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் அரசு ஊழியர். குடிப்பழக்கம் இல்லை, ஒருநாளும் கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார். “உனக்கு என்னம்மா குறை?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் “ஒன்றுமில்லை” என்றே சொல்லிவந்தேன். அதை நம்பவும் செய்தேன். எங்களுக்குள் பேச்சு என்றால் பால் கணக்கு, மின்கட்டணம், மகனின் கல்லூரிக் கட்டணம், அவ்வளவுதான். அவர் வெளியூர் போகும் நாட்களில் நான் பாடிக்கொண்டே சமைக்கிறேனாம். மகன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாவலை வாங்கினேன். பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் அன்னா, கணவனைப் பார்த்து ‘இவர் காதுகள் ஏன் இப்படி இருக்கின்றன’ என்று நினைக்கும் இடத்தில் மூடிவைத்துவிட்டேன். பல நாட்கள் கழித்துத்தான் மீண்டும் எடுத்து முடித்தேன். இப்போது என் கணவர் சாப்பிடும் சத்தத்தைக் கூடத் தாங்க முடியவில்லை.

நான் என்னையே ஏமாற்றிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேனா? இதைப் படிக்காமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா? நாவலை அவரிடம் படிக்கக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காதுகளைப் பற்றிய வரிக்குப் பின்னால் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. கணவனின் முன்னால் நிற்கும்போது தனக்குள் ஒரு பாசாங்கு எழுவதை அன்னா உணர்கிறாள். அது அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல, வெகுநாள் பழகியது. இதுவரை கவனித்ததில்லை, இப்போது வலியோடு தெரிகிறது என்கிறார் டால்ஸ்டாய். எட்டு ஆண்டுகளாக அதே காதுகளைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், ஆம். ஆனால் அதற்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது சாப்பிடும் சத்தத்தை அல்ல. சத்தமும் காதும் மனக்கசப்பு பற்றிக்கொள்ள அகப்பட்ட கொம்புகள், அவ்வளவுதான். அவர் இல்லாத நாளில் உங்களை அறியாமல் வந்த பாட்டுதான் உண்மையான ஆதாரம். உங்கள் கடிதத்தில் யார்மீதும் குற்றம் சொல்லாத வரி அது ஒன்றுதான்.

இந்த நாவலைப் படிப்பவர்கள் பலரும் அன்னாவை உண்மையின் பக்கமும் அவள் கணவன் கரீனினைப் பொய்யின் பக்கமும் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தச் சாய்வு தெரிகிறது. ஆறாம் பாகத்தில், கணவனை விட்டு வந்து காதலன் விரோன்ஸ்கியின் பண்ணை மாளிகையில் வாழும் அன்னாவைப் பார்க்க அவள் அண்ணி டாலி வருகிறாள். வீடு, தோட்டம், உடை என்று எல்லாம் பொலிவாக இருக்கின்றன. ஆனால் அன்னாவிடம் ஒரு புதிய பழக்கம் சேர்ந்திருக்கிறது. பேச்சு வாழ்க்கையின் உள்பக்கத்தைத் தொடும் போதெல்லாம் அவள் கண்களைச் சுருக்கிக்கொள்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிடாமல் இருக்கத் தன் வாழ்க்கையை நோக்கியே பாதிக் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று டாலிக்குப் படுகிறது. கரீனினின் வீட்டில் தொடங்கிய பாசாங்கு, காதலனின் வீட்டுக்கும் கூடவே வந்திருக்கிறது! டால்ஸ்டாயின் இரக்கமற்ற கவனிப்புகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

கரீனினையும் பாருங்கள். அவன் தாய் தந்தையற்றவன், ஒரு நண்பன்கூட இல்லாதவன். அன்னாவின் அத்தை ஒருத்தி, பெண் கேட்டே ஆகவேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளித்தான் இந்தத் திருமணம் நடந்தது. மனைவியின் மனம் விலகுவதை அவன் உணரும் இரவில் டால்ஸ்டாய் அவனை அறைக்கு அறை நடக்கவிடுகிறார். நிம்மதியாகப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தவன், பாலம் உடைந்திருப்பதையும் கீழே பாதாளம் இருப்பதையும் திடீரென்று காண்கிறான். அந்தப் பாதாளம்தான் வாழ்க்கை, பாலம் அவன் இதுவரை வாழ்ந்த செயற்கையான வாழ்வு. மனைவிக்கென்று தனி எண்ணங்களும் விருப்பங்களும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக அவனுக்குத் தோன்றுகிறது. தோன்றியதும் பயந்துபோய் அதை விரட்டிவிடுகிறான். அவள் வருவதற்குள் சொல்லவேண்டியதை அரசாங்க அறிக்கைபோல வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறான். அவன் பேசியதில் எதுவும் அவளைச் சென்று சேரவில்லை.

ஆகவே நாவலை அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தால் அது குற்றப்பத்திரிகையாகத்தான் அவர் கைக்குப் போகும், கரீனின் தயாரித்த அறிக்கையைப் போல. அதற்குப் பதில் அந்தப் பாட்டைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அவரும் யாரிடமாவது “ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியில் அன்னா ரயில் முன் விழுந்து உயிர்விடுவதை உங்களுக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1870களின் ரஷ்யாவில் மணவிலக்கு திருச்சபையின் கையில் இருந்தது. பிறழ்ந்தவள் என்று முடிவானால் மறுமணம் செய்துகொள்ள முடியாது, மகன் தகப்பனுக்கு. அந்தச் சட்டமும் அந்தச் சமூகமும் சேர்ந்துதான் அவளை அங்கே கொண்டு நிறுத்தின. உங்கள் காலம் வேறு.

நிம்மதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் டாலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அன்னாவின் ஒளியில் அவளைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள் அதிகம். எனக்கோ இந்த நாவலில் மிக நெருக்கமானவள் அவள்தான். அன்னாவின் அண்ணனான தன் கணவன் ஸ்டீவாவின் கள்ள உறவு தெரிந்தும் அவனோடு வாழ்பவள். அன்னாவைப் பார்க்கப் போகும் வழியில் வண்டியில் நான்கு மணி நேரம் அவளுக்குத் தனிமை கிடைக்கிறது. குழந்தைகளுக்கு நடுவே வீட்டில் நினைக்க நேரமில்லாததெல்லாம் மொத்தமாக வந்து கவிகின்றன. பதினைந்து ஆண்டுகள் கர்ப்பம், வாந்தி, பிரசவம், பாலூட்டி வெடித்த முலைக்காம்புகள், செத்துப்போன குழந்தைகள். வழியில் வண்டி நின்ற இடத்தில் ஓர் இளம் குடியானவப் பெண், தன் ஒரே குழந்தையும் செத்துப்போனதை விடுதலை கிடைத்ததுபோலச் சொல்லியிருந்தாள். கேட்டபோது டாலிக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது அதில் ஓரளவு உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு தனக்கும் அன்னாவைப்போல ஒரு காதல் வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிறாள். ஸ்டீவா திகைத்துப்போவதை நினைத்துச் சிரித்துக்கொள்கிறாள். எதையும் மறைக்காமல் தன் மனதை முழுக்கப் பார்க்கிறாள்.

மறுநாளே வீடு திரும்புகிறாள். விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நானும் எண்ணியிருப்பேன், ஏழாம் பாகத்தில் அந்தச் சிறு தகவல் வராமல் இருந்திருந்தால். டாலியின் பெயரில் ஒரு காடு இருக்கிறது. கடன்களை அடைக்க ஸ்டீவா அதை விற்றுக் கொண்டிருக்கிறான். கடைசிப் பகுதிக்கான பணம் வரும்போது டாலி கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறாள். தன் சொத்தின்மீதான உரிமையை அவள் வலியுறுத்துவது அந்தக் குளிர்காலத்தில்தான், அதுவே முதல்முறை. வண்டிப் பயணத்தையும் இந்தக் கையெழுத்தையும் டால்ஸ்டாய் இணைத்துச் சொல்லவில்லை. நான் இணைத்து வாசிக்கிறேன். நான்கு மணி நேரம் கண்ணைச் சுருக்காமல் பார்த்த பெண்ணால்தான் அப்படி மறுக்க முடியும் என்று நினைக்கிறேன். பயணத்துக்கு முந்தைய டாலிக்கு இருந்தது நிம்மதி என்றால், அதற்காக நான் ஏங்க மாட்டேன்.

போவதா இருப்பதா என்பதை உங்களுக்குச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆறாம் பாகத்தில் டாலியின் அந்தப் பயணத்தை மட்டும் ஒருமுறை திரும்ப வாசியுங்கள். அவரிடம் பேச முடிந்தால், பேசிய பிறகு எழுதுங்கள்.