திசுவை அரிப்பது செரிமான நொதி இல்லை

அப்பாவின் பயாப்சி அறிக்கையில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா (பெரும்பாலும் எச்சில் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய்), நரம்பைச் சுற்றிப் பரவல் என்று வந்திருக்கிறது, எச்சில் நொதிதான் திசுவை அரிக்கிறதா, செரிமான மாத்திரையை நிறுத்தணுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். எச்சிலிலுள்ள அமைலேஸ் உடைப்பது மாவுச்சத்தைத்தான். இங்கே வேலை செய்வது வேறொரு நொதிக் குடும்பம்: மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்எம்பி. துத்தநாகத்தின் துணையோடு புரதத்தை வெட்டுபவை. சுரப்பிச் செல்களுக்கு அடியில், நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம் பின்னிய மெல்லிய சவ்வு ஒன்று வேலி மாதிரி இருக்கிறது. எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் அதை வெட்டக்கூடியவை. செயலற்ற வடிவத்தில்தான் சுரக்கின்றன. செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் எம்எம்பி-14 அந்த எம்எம்பி-2-ஐ முடுக்கிவிடும். அதனால் செல் முன்னேறும் இடத்திலேயே வெட்டு விழுகிறது. பக்கத்திலுள்ள சாதாரண நார்த்திசுச் செல்களையும் புற்று இதே நொதிகளைச் சுரக்க வைத்துவிடும். எனக்கு அதுதான் மிகவும் கொடுமையாகத் தெரிகிறது.

சரி, நொதியையே அடக்கினால்? மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளை வேறு புற்றுநோய்களில் சோதித்தார்கள். பலன் கிடைக்கவில்லை, மூட்டுவலி வந்தது. அதனால் நொதியைத் தடுக்கும் என்று யாராவது சத்து மாத்திரை விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். இப்போது முக்கியம் அறுவை சிகிச்சையும் அதன்பின் கதிர்வீச்சும்தான். வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இருக்கிறதா, எந்த நரம்பில் பரவியிருக்கிறது, அந்த நரம்பின் பாதை முழுவதும் கதிர்வீச்சு போகுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்பா எடுக்கும் மாத்திரைகளையும் அப்போதே காட்டிவிடுங்கள்.