வாசகர் கேள்வி – பதில்: “கம்பெனியில யாரையுமே தெரியாதே!”

இந்த இதழில் பொறியியல் மாணவர்களின் கேள்விகள்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா லாரி ஓட்டுநர். தொழிற்சாலைகளில் ஒருவரைக்கூடத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– மாணவர், நாமக்கல்

அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் என்று அவருக்குப் பழக்கமானவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பட்டறைக்குச் சேஸிஸும் தகடும் பெயிண்ட்டும் சப்ளை செய்கிறவர்கள் யார் என்று கேளுங்கள். அந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பது உங்கள் துறைதான்.

அடுத்து, உங்கள் கல்லூரி சீனியர்கள். லிங்க்ட்இனில் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் ‘அலும்னி’ பகுதியைத் திறந்தால், யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று தேடிப் பதினைந்து பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பை முடித்து இரண்டிலிருந்து ஐந்து வருடம் ஆனவர்கள், புரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவர்கள் போதும். ஜெனரல் மேனேஜருக்கு எழுதினால் படிக்கவே நேரம் இருக்காது. சீனியருக்கோ, எந்த லைனில் டிரெய்னி எடுக்கிறார்கள், எழுத்துத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் இன்னும் மறந்திருக்காது.

‘நெருக்கம் இல்லாதவர் எதற்கு உதவப் போகிறார்?’ என்று தயங்க வேண்டாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், ஆள் பழக்கத்தால் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சேதி சொன்னது எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள்தான், நெருங்கிய நண்பர்கள் அல்ல. காரணம் எளிது: ஹாஸ்டல் நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும்.

லிங்க்ட்இனில் நாற்பது பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டவர்கள்கூட மெசேஜுக்குப் பதில் போடவில்லை. என்ன தவறு?
– மாணவி, திருநெல்வேலி

நாற்பது பேருக்கும் ஒரே மெசேஜ் போயிருந்தால் அதுதான் தவறு. “சார், எனி வேகன்சி?” என்று கேட்டு ரெஸ்யூமையும் இணைத்தால், அவர் சொல்லக்கூடிய பதில் ‘இல்லை’ ஒன்றுதான். அதைச் சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

அவரால் மட்டும் பதில் சொல்ல முடிகிற, இரண்டு நிமிடத்தில் முடிகிற ஒரு கேள்வியைக் கேளுங்கள். உதாரணமாக: “வணக்கம் அக்கா, நீங்கள் படித்த கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். குவாலிட்டி பிரிவுக்குத் தயாராகிறேன். டிராயிங்கில் ஜிடி அண்ட் டி படிப்பது, சிஎம்எம் இயக்கப் பழகுவது, இரண்டில் எதை முதலில் கற்பது உங்கள் வேலைக்கு உதவும்?” (ஜிடி அண்ட் டி என்பது பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு விலகலாம் என்று டிராயிங்கில் குறிக்கும் முறை. சிஎம்எம் என்பது பாகங்களைத் துல்லியமாக அளக்கும் மெஷின்.) ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்: யார் நான், ஏன் உங்களைக் கேட்கிறேன், ஒரே ஒரு கேள்வி. ரிக்வெஸ்ட்டோடு சேர்த்து அனுப்பும் குறிப்புக்கு எழுத்து வரம்பு உண்டு. அதில் முதல் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு, ஏற்ற பிறகு கேள்வியைப் போடுங்கள்.

நேரமும் முக்கியம். மாதக் கடைசி நான்கைந்து நாள் டிஸ்பாட்ச், அதாவது சரக்கு அனுப்பும் நெருக்கடி. ஆலைக்காரர்களைத் தொடவே வேண்டாம். மார்ச் கடைசி அதைவிட மோசம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொழிற்கண்காட்சிக்கு மாணவர்கள் போகலாமா? போனால் யாரிடம் பேசுவது?
– மாணவர், கோவை

உங்கள் ஊரிலேயே கொடிசியாவின் ‘இன்டெக்’, சென்னை நந்தம்பாக்கத்தில் ‘ஆக்மி’, பெங்களூரில் ‘இம்டெக்ஸ்’ இருக்கின்றன. மாணவர்களுக்கான நாளும் நிபந்தனையும் ஒவ்வொன்றிலும் வேறு. பதிவுப் பக்கத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐம்பது பேர் கும்பலாகப் போய்ப் பை நிறைய பிரவுச்சரோடு திரும்புவதில் ஒரு பயனும் இல்லை. முந்தைய நாளே ஸ்டால் பட்டியலில் ஆறைத் தேர்ந்தெடுங்கள். காலை கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில், வாங்குகிறவர்கள் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். கடைசி நாள் மதியத்துக்குமேல் மெஷினைப் பிரிக்கும் கவலைதான் ஸ்டால்காரர்களுக்கு.

முன்னால் நிற்பவரிடம் “அப்ளிகேஷன் இன்ஜினியர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் பட்டறைக்கே போய்ச் சிக்கலைத் தீர்க்கிறவர் அவர். தொழில் பேசுவதென்றால் அவருக்குப் பிடிக்கும். “இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது?” என்றால் பிரவுச்சரைக் கையில் கொடுத்துவிடுவார். “304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டும்போது மேற்பரப்பு இறுகிவிடுகிறதே, ஃபீடை எவ்வளவு வரை குறைக்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலி போடுவார். ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் வேகத்தை, மிகக் குறைத்தால் டூல் வெட்டாமல் உரசி, மேற்பரப்பு இன்னும் இறுகும் என்பதை அவர் வாயால் கேட்பது நல்ல பாடம்.

விசிட்டிங் கார்டு வாங்கியதும் பின்பக்கம் தேதியும் பேசிய விஷயமும் எழுதுங்கள். அன்றிரவே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். ஒரு வாரம் போனால் உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது.

பணம் கட்டினால் பெரிய நிறுவன ஹெச்.ஆர். தொடர்பும் இன்டர்ன்ஷிப்பும் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– மாணவி, மதுரை

வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு உங்களிடம் பணம் கேட்கிறவரிடம் இருப்பது பெரும்பாலும் சர்டிபிகேட் பிடிஎஃப் மட்டும்தான்.

பழக்கமானவர்களைத் தொடர்ந்து எப்படித் தக்கவைப்பது? ரெஃபரல் எப்போது கேட்கலாம்?
– இறுதியாண்டு மாணவர், திருச்சி

ஒரு கூகுள் ஷீட் போதும்: பெயர், நிறுவனம், எங்கே அறிமுகம், கடைசியாகப் பேசிய தேதி, அவர் சொன்ன யோசனை, அதை நான் செய்தேனா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். “நீங்கள் சொன்னபடி ஜிடி அண்ட் டி முடித்துவிட்டேன், புராஜெக்ட் டிராயிங்கில் பொசிஷன் டாலரன்ஸ் போட்டிருக்கிறேன், சரியா?” என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் அவர் உங்களை மறக்க மாட்டார். தினமும் காலை வணக்கம் பூப்படம் அனுப்பினால் மியூட் போட்டுவிடுவார்.

இப்படி இரண்டு மூன்று முறை பேசிய பிறகு ரெஃபரல், அதாவது அவருடைய நிறுவனத்தில் உங்களுக்காகப் பரிந்துரை, கேட்கலாம். “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா” என்று தேடும் பாரத்தை அவர் தலையில் ஏற்றாதீர்கள். நிறுவனத்தின் கேரியர் பக்கத்தில் வேலையை நீங்களே கண்டுபிடித்து, ஜாப் ஐடி, ஒரு பக்க ரெஸ்யூம், எந்த வகையில் பொருத்தம் என்று மூன்று வரி, மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். பல நிறுவனங்களில் ரெஃபரல் செய்ய உள் போர்ட்டல் இருக்கிறது. முதலில் நீங்களே விண்ணப்பித்துவிட்டால் அதில் உங்கள் பெயரை ஏற்ற முடியாமல் போகலாம். அதனால் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஃபைலின் பெயர் ‘ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்று இருக்க வேண்டாம், உங்கள் பெயரும் துறையும் இருக்கட்டும்.