கியோட்டோவுக்கு வடக்கே கடலோரக் கிராமங்கள்: தாங்கோவில் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

கேட்ட கேள்வி இது: "டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கியோட்டோவிலிருந்து எளிதாகப் போகக்கூடிய, கூட்டம் குறைந்த கடலோரக் கிராமப் பகுதி எது? அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும்?"

என் பதில் தாங்கோ தீபகற்பம். கியோட்டோ என்றாலே கோயில், தோட்டம், தேநீர் என்று நினைக்கிறோம். ஆனால் கியோட்டோ மாகாணம் வடக்கே ஜப்பான் கடல் வரை நீள்கிறது. அங்கே மீனும் பட்டும்தான் வாழ்க்கை. ஒசாகாவில் வேலை பார்க்கும் நான் லீவு கிடைத்தால் ஓடுவது அந்தப் பக்கம்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: காலையில் போய் மாலையில் திரும்பாதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள். அங்குள்ள நல்ல சாப்பாட்டில் பெரும்பகுதி ஓட்டல்களில் இல்லை, தங்கும் விடுதிகளின் இரவு மேசையில்தான் இருக்கிறது.

கியோட்டோவிலிருந்து ஹாஷிதாதே விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இறங்கும் ஊர் அமானோஹாஷிதாதே. வழியில் ஃபுகுசியாமாவுக்கு அப்பால் தண்டவாளம் வேறு கம்பெனியுடையது. நாடு முழுவதற்குமான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருந்தாலும் அந்தத் தூரத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஒசாகா, கியோட்டோ வட்டாரத்துக்கான கான்சாய் வைட் ஏரியா பாஸ் என்றால் அந்தக் கவலை இல்லை.

அமானோஹாஷிதாதே ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்று என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற இடம். கடலுக்கு நடுவே 3.6 கிலோமீட்டர் நீளும் மணல் திட்டு, அது முழுக்க ஆயிரக்கணக்கான பைன் மரங்கள். மலைமேல் ஏறி, குனிந்து கால்களுக்கு இடையே பார்த்தால் வானத்துக்குப் போகும் பாலம் போலத் தெரியும் என்பார்கள். எல்லோரும் செய்கிறார்கள், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது வாடகை சைக்கிளில் அந்தத் திட்டைக் கடப்பது. நடுவில் இசோஷிமிசு என்று ஒரு கிணறு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், கிணற்றில் நல்ல தண்ணீர். தென்முனையில் சியோன்ஜி கோயில் இருக்கிறது. அறிவுக்குரிய மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் அங்கே எழுந்தருளியிருப்பதால் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். வாசலில் உள்ள கடைகளில் 'அறிவு மோச்சி' கிடைக்கும். மெத்தென்ற அரிசி மாவு உருண்டையின் மேல் இனிப்புப் பயறு விழுது, அவ்வளவுதான். சூடான தேநீரோடு சாப்பிடுங்கள்.

அங்கிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம் போனால் இனே. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இந்த ஊருக்காகத்தான். விரிகுடாவைச் சுற்றி ஏறக்குறைய 230 படகு வீடுகள் தோளோடு தோள் உரசி, தண்ணீரிலேயே கால் வைத்து நிற்கின்றன. ஃபுனயா என்பது அவற்றின் பெயர். கீழ்த்தளம் படகுக்கு: தரை சரிந்து நேராகக் கடலுக்குள் இறங்கும். மேல்தளம் முன்பு வலை உலர்த்தவும் சாமான் வைக்கவும் பயன்பட்டது. குடும்பம் வசிக்கும் வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம், மலையை ஒட்டி இருக்கும்.

கடலுக்கு இவ்வளவு நெருக்கமாக எப்படி வீடு கட்ட முடிந்தது? ஜப்பான் கடல் குளிர்காலத்தில் பொல்லாதது. ஆனால் இந்த விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. மூன்று பக்கம் மலை, வாயிலில் ஆஓஷிமா என்ற தீவு அலைகளைத் தடுத்துவிடுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமும் அரை மீட்டர் அளவுதான். 2005இல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் குடியிருப்பாக அறிவித்தது. ஒரு மீனவ கிராமத்துக்கு அந்த மதிப்பு கிடைத்தது அதுவே முதல் தடவை.

சில படகு வீடுகளின் மேல்தளம் இப்போது விடுதி. நான் தங்கிய வீட்டில் அந்த அம்மா மீன் அறுத்து முடித்ததும் தலையையும் முள்ளையும் மோந்தோரி என்ற கூண்டில் போட்டு, வீட்டின் கீழேயே கயிற்றில் கட்டி இறக்கிவிட்டார். மறுநாள் காலையில் தூக்கினால் உள்ளே சின்ன மீன்கள் துள்ளின. அவை அப்படியே அடுப்புக்குப் போயின.

சரி, சாப்பாடு. குளிர்காலத்தில் இனேயில் முதலிடம் புரி மீனுக்கு. நம்மூர்ப் பாறை மீனின் குடும்பம்தான், ஆனால் குளிரில் கொழுப்பு ஏறி வெண்ணெயாக இருக்கும். மெல்லிய துண்டை இரண்டு மூன்று விநாடி கொதிநீரில் அலசி எடுத்துச் சாப்பிடுவது புரி ஷாபு. துண்டின் ஓரம் மட்டும் வெளுத்து, நடு இன்னும் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் ஹெஷிகோ. கானாங்கெளுத்தி வகை மீனை உப்பில் ஊறவைத்து, பிறகு அரிசித் தவிட்டில் புதைத்து மாதக்கணக்கில், சில வீடுகளில் ஒரு வருஷத்துக்கும் மேல், பாரம் வைத்து அழுத்தி வைப்பார்கள். தவிட்டைத் துடைத்துவிட்டு மெல்லியதாகச் சீவி லேசாக வாட்டினால் ஓரம் கருகி, எண்ணெய் கசிந்து, வீடே மணக்கும். கருவாட்டோடு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை. உப்பு அதிகம், ஒரு சீவலுக்கு நாலு வாய் சோறு இறங்கும். மது அருந்துபவர்கள் 1754 முதல் இனேயில் இயங்கும் முகாய் மது ஆலையின் சிவப்பரிசி சாகேயோடு (அரிசி மது) சேர்த்துப் பார்க்கலாம்.

தாங்கோவின் விசேஷ வீட்டுச் சாப்பாடு பாராசூஷி. கானாங்கெளுத்தியைச் சர்க்கரையும் சோயாவும் சேர்த்து உதிரி உதிரியாக வற்ற வதக்கி, ஆழமில்லாத மரப்பெட்டியில் சோறு, மீன் தூள், மறுபடி சோறு என்று அடுக்கி, மேலே முட்டைச் சீவல், காளான், சிவப்பு இஞ்சி எல்லாம் தூவி, மரக்கரண்டியால் சதுரமாக வெட்டித் தருவார்கள். முன்பு சுட்ட மீனில் செய்தது, இப்போது டின் மீன். அதற்கென்றே இங்குள்ள கடைகளில் பெரிய டின்கள் அடுக்கியிருக்கும். பச்சை மீன் பிடிக்காத பிள்ளைகளுக்கு இது நல்ல தேர்வு.

நண்டுக்கு நீங்கள் போகும் மாதம் சரியான மாதம். ஆண் பனி நண்டு நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை. தாய்சா துறைமுகத்து நண்டுக்குப் பச்சைச் சீட்டுக் கட்டி விற்பார்கள். படகுகள் சில மட்டுமே என்பதால் விலை மிகவும் அதிகம். அதற்கு ஏங்க வேண்டாம். பெண் நண்டு, இங்கே கொப்பே என்பார்கள், டிசம்பர் கடைசி வரைதான் கிடைக்கும். சின்னதாக, முட்டை நிறைந்து, விலையும் கட்டுப்படியாகும். என் ஓட்டு அதற்குத்தான்.

வானிலை பற்றி ஒரு வார்த்தை. "சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. ஒரே நாளில் வெயில், மழை, பனி மூன்றும் வரும். 300 ஆண்டுகளாக இங்கே தாங்கோ சிரிமென் பட்டு நெய்ய முடிவதற்கும் இந்த ஈரம் ஒரு காரணம், இழை அறாது. காலுக்கு நனையாத ஷூ அவசியம்.

இனேயில் ஓட்டல்கள் குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டோடு விடுதியை முன்பே பதிவு செய்யுங்கள். படகு வீடுகள் மக்கள் வாழும் வீடுகள். திறந்திருக்கிறதே என்று உள்ளே நுழைந்து படம் எடுக்க வேண்டாம். கடலிலிருந்து பார்க்க, ஊர்க்காரர்கள் ஓட்டும் சின்னப் படகில் ஏறுங்கள், கதையும் சொல்வார்கள். வீட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காய்கறிக் குழம்பிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும் என்பதால் "மீன் வேண்டாம்" என்பதோடு "தாஷியும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் கையில் கொஞ்சம் ஊறுகாயும் பருப்புப் பொடியும் இருப்பது நல்லது. சோறு அங்கே அருமையாக இருக்கும்.