ஒரே சி8 உடம்பு, இரண்டு எல்இடி: எந்த டார்ச்சின் பீம் நல்ல பீம்?

கேள்வி: "காரைக்குடியில் இருக்கிறேன். என்னிடம் எல்இடி மாற்றிய சி8 டார்ச் இரண்டு உள்ளன. ஒன்றில் க்ரீ எக்ஸ்எச்பி50.2, இன்னொன்றில் லூமினஸ் எஸ்எஃப்டி40. லூமென் கணக்கில் முதலாவதுதான் பெரிது. ஆனால் கண்மாய்க் கரையில் அடித்துப் பார்த்தால் இரண்டாவதுதான் தூரம் போகிறது. முதலாவதைச் சுவரில் அடித்தால் மஞ்சள் வளையம் வேறு தெரிகிறது. பீமின் தரத்தை எப்படி ஒப்பிடுவது? எதை வைத்துக்கொள்ளலாம்?"

கண்மாய்க் கரைக்கு எஸ்எஃப்டி40. வீட்டுக்குள் புழங்க இரண்டுமே வேண்டாம். இவ்வளவுதான் பதில். காரணம்தான் கொஞ்சம் நீளம். (சி8 என்பது டார்ச் உடம்பின் ஒரு மாடல். உள்ளே இருக்கும் எல்இடியை மாற்றிக்கொள்ளலாம்.)

லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பற்றி லூமென் ஒன்றும் சொல்லாது. ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதற்குக் கேண்டெலா என்று தனி அளவு இருக்கிறது, தூரம் அதைப் பொறுத்தது. உங்கள் இரண்டு டார்ச்சுக்கும் உடம்பு ஒன்று, ஒளியைக் குவித்து முன்னால் எறியும் கிண்ணமான ரிஃப்ளெக்டரும் ஒன்று. அப்படியிருக்கும்போது கேண்டெலாவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: எல்இடியின் ஒளிரும் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பது. எக்ஸ்எச்பி50.2 நான்கு சில்லுகளை ஒட்டி வைத்த எல்இடி, மேலே சிலிக்கோன் டோம், அதாவது குமிழ் மாதிரி ஒரு மூடி. வெளிச்சம் நிறைய, ஆனால் பரந்த இடத்திலிருந்து வருகிறது. எஸ்எஃப்டி40 சின்னச் சதுரம், டோம் கிடையாது.

டோம் ஒரு பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. சில்லைப் பெரிதாகக் காட்டும், ஆனால் பிரகாசத்தைக் கூட்டாது. சிலிக்கோனின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.4. அதை இருமடி எடுத்தால் 2. அதாவது டோம் போட்ட எல்இடியின் பரப்பு, ரிஃப்ளெக்டரின் கண்ணுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அதனால்தான் சிலர் பிளேடால் டோமைச் சீவி எடுக்கிறார்கள். லூமென் கொஞ்சம் குறையும், தூரம் கூடும். ஆஸ்ராம் டபிள்யூ1 என்ற எல்இடி இதற்கு இன்னொரு எல்லை. ஒரே ஒரு சதுர மில்லிமீட்டர், டோம் இல்லை. லூமென் கணக்கில் உங்கள் இரண்டுக்கும் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அதே சி8 உடம்பில் போட்டால் பென்சில் கோடு போல நீண்டுவிடும்.

அளந்து பார்க்க ஆசையிருந்தால், ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று போதும். செல்போன் ஆப்களின் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே போனை அசைக்காமல் வைத்து இரண்டு டார்ச்சை ஒப்பிட அதுவே உதவும். 5 மீட்டர் தள்ளி வையுங்கள், முடிந்தால் 10. கிட்டத்தில் அளந்தால் கற்றை இன்னும் ஒன்றுசேர்ந்திருக்காது, எண் குறைத்துக் காட்டும். வந்த லக்ஸைத் தூரத்தின் இருமடியால் பெருக்கினால் கேண்டெலா. உதாரணத்துக்கு 5 மீட்டரில் 3,200 லக்ஸ் என்றால் 80,000 கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் டப்பாவில் அச்சடிக்கும் தூரம் வரும்: ஏறக்குறைய 566 மீட்டர். அந்தக் கணக்கு 0.25 லக்ஸ் விழும் இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அது முழு நிலா வெளிச்சம் அளவுதான். அங்கே நிற்பது ஆடா மாடா என்று தெரிய வேண்டுமென்றால் அதில் பாதித் தூரத்தையே நம்புங்கள்.

இன்னொன்று, போட்டவுடன் அளக்காதீர்கள். டார்ச்சுகளை அளப்பதற்கான அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 முறையிலேயே லூமெனை அளப்பது 30 விநாடி கழித்துத்தான். நம்மூர் சித்திரை வெயிலில் பகலெல்லாம் வண்டிக்குள் கிடந்த டார்ச்சை எடுத்து முழு வேகத்தில் விட்டால், அந்த 30 விநாடிக்குள்ளேயே வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம்.

இனி மஞ்சள் வளையம். அது அழுக்கும் இல்லை, பழுதும் இல்லை. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீலச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் நீலத்தை வெள்ளையாக்குகிறது. எக்ஸ்எச்பி50.2, எக்ஸ்எச்பி70.2 வகைகளில் அந்தப் பாஸ்பர் சில்லின் மேல் மட்டும் நிற்காமல் சுற்றியுள்ள இடத்திலும் பரவியிருக்கும், சில்லின் பக்கவாட்டிலிருந்தும் ஒளி கசியும். ரிஃப்ளெக்டர் சில்லின் பிம்பத்தைப் பெரிதாக்கி நடுவட்டமாக எறிகிறது. சில்லைச் சுற்றி மஞ்சளாக மினுங்கும் இடத்தின் பிம்பம் நடுவட்டத்தைச் சுற்றி விழுகிறது. அதுதான் உங்கள் வளையம். ரிஃப்ளெக்டரைத் தொடாமல் நேரே வெளியேறும் ஒளி, வெளிப்படரலாக, கொஞ்சம் ஊதா கலந்து தெரியும். டார்ச் பைத்தியங்கள் இதற்கு 'க்ரீ வானவில்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எஸ்எஃப்டி40-யில் இது குறைவு.

இதைச் சுவரில் பார்த்து முடிவெடுப்பதில்தான் செட்டிநாட்டு வீட்டில் ஒரு சங்கடம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து மெழுகிய பழைய சுவர் பளிங்கு மாதிரி மினுமினுக்கும். அதில் டார்ச்சடித்தால் பீமின் வடிவத்தோடு டார்ச்சின் பிரதிபலிப்பும் சேர்ந்து வரும், நிறமும் கொஞ்சம் ஏமாற்றும். வெளுத்த வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டி அதில் அடித்துப் பாருங்கள். கூரையில் அடித்துத் திரும்பும் வெளிச்சத்தை ஒப்பிடும் முறையும் முகப்பில் உதவாது. பர்மாத் தேக்கு பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பழுப்பாக்கித் தரும். போட்டோ எடுத்து ஒப்பிடுவதானால் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு எடுங்கள். ஆட்டோவில் விட்டால் போன் தன் இஷ்டத்துக்கு இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடும்.

நிறத்துக்கு நம் வீட்டுத் தரையே நல்ல சோதனைக்கூடம். சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் அடித்துப் பாருங்கள். சிஆர்ஐ என்று போடும் எண், ஒரு வெளிச்சம் நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பு. அது முதல் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது, ஆர்9. அது அந்தச் சராசரியில் சேராது. அதனால் சிஆர்ஐ 70 என்று விற்கும் குளிர்வெள்ளை எல்இடியில் ஆர்9 பூஜ்யத்துக்கு அருகிலோ அதற்குக் கீழேயோ இருக்கலாம். கல்லின் சிவப்பு செத்துப்போய்ச் செங்கல் பொடி நிறத்தில் தெரியும். உங்கள் எஸ்எஃப்டி40 குளிர்வெள்ளை என்றால் அதுவும் இப்படித்தான் காட்டும். நிச்சியா கம்பெனியின் 519ஏ எல்இடியில் ஆர்9080 என்று ஒரு தரம் வருகிறது: சிஆர்ஐ 90, ஆர்9 80. அதே தரையில் அதை அடித்தால் பகலில் பார்க்கும் சிவப்பு வந்துவிடும். புழுதி ரோட்டில் காய்ந்த இலைக்கு நடுவே கண்ணாடி விரியன் கிடந்தால், கண் அதைப் பிரித்துப் பார்ப்பது இந்த நிறத்தை வைத்துத்தான். லூமென் அங்கே பெரிதாக உதவாது.

பச்சைச் சாயலைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். இரண்டு டார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் ஒன்று பச்சையாகவும் மற்றது ரோஸாகவும் தெரியும். அதையே தனியாகப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் கண் பழகி வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். இதற்காகப் பல ஆயிரம் செலவழிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நானும் அந்த ஜாதிதான். உங்களுக்கு அந்த வியாதி இன்னும் தொற்றவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பதே நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறைந்த வெளிச்சத்தில் சில எல்இடிகள் இன்னும் பச்சையாகும். ஆகவே நீங்கள் அதிகம் பயன்படுத்தும் மோடில் வைத்துத்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

தூரம் போவதே தரம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பெரியப்பா ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். டபிள்யூ1 போட்ட டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் காலையில் திருப்பித் தந்துவிட்டார். "அக்கரை பனைமரம் தெரியுதுப்பா. காலடியில வரப்பு தெரியலையே." அவர் சொன்னது சரி. நடுவட்டம் கூராக ஆக ஆக, கண் அந்தப் பளிச்சென்ற இடத்துக்கே பழகிக்கொள்ளும், சுற்றியுள்ள படரல் இருட்டாகிவிடும். இப்போது அவரிடம் இருப்பது 519ஏ போட்ட சின்ன எஸ்2 உடம்பு. 200 மீட்டர்கூடப் போகாது. பேட்டரியைச் சார்ஜ் போட மட்டும்தான் என்னைத் தேடுகிறார்.

தூரப் பீமைச் சோதிக்கக் கண்மாய்க் கரைதான் வசதி. ஆனால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்குள்ள பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாம் போய்க் கூட்டில் டார்ச்சடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இனி உங்கள் 50.2. விற்க வேண்டாம். அதில் வழவழப்பான ரிஃப்ளெக்டர் இருந்தால், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பான ரிஃப்ளெக்டராக மாற்றுங்கள். சி8 அளவுக்குச் சுலபமாகக் கிடைக்கும். வளையம் கரைந்துவிடும், நாலு சில்லுக்கு நடுவே நிழல் தெரிந்தாலும் மறையும். தூரம் கொஞ்சம் போகும், போகட்டும், அந்த எல்இடி தூரத்துக்கானது இல்லை. கழற்றும்போது எல்இடியைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள். எல்இடியை நடுவில் நிறுத்துவதும், ரிஃப்ளெக்டரின் அடி சாலிடர் புள்ளிகளில் பட்டு ஷார்ட் ஆகாமல் காப்பதும் அதுதான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மாறினாலே நடுவட்டத்தில் ஓட்டை விழும். எல்இடியையே தூக்கிவிட்டு 519ஏ போடலாமா என்று தோன்றினால் முதலில் டிரைவரை, அதாவது எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்டைப் பாருங்கள். 50.2 பெரும்பாலும் 6 அல்லது 12 வோல்ட்டில் ஓடுவது, 3 வோல்ட் வகையும் உண்டு. 519ஏ 3 வோல்ட். உங்களுடையது 6 வோல்ட் டிரைவர் என்றால் எல்இடியோடு டிரைவரையும் மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு வீட்டுக்கென்று சின்னதாக ஒரு புது டார்ச்சே வாங்கிவிடலாம்.