வெட்டினால் சுருங்குமா? வங்கித் தேர்வு எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்து பி.காம். முடித்தவள். ரிசர்வ் வங்கியின் அதிகாரிப் பணிக்கான கிரேடு பி தேர்வுக்காகக் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள்தோறும் அமர்ந்து படிக்கிறேன். கட்டுரை ஓரளவு வருகிறது; பிரெசி, அதாவது ஒரு பத்தியின் சாரத்தைச் சொந்த நடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுவது, மட்டும் வரவில்லை. நானூறு சொல் கொண்ட பத்தியைக் கொடுத்தால், வரிக்கு வரி அடித்து அடித்து நூற்று முப்பதுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ஆனால் மாதிரித் தேர்வைத் திருத்தியவர், மூலத்து வாக்கியங்களையே எடுத்துப் போட்டிருப்பதாகக் குறிப்பிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நான் எழுதிய இரண்டு பிரெசிகளை இணைத்துள்ளேன். என் தவறு எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: இரண்டையும் மூலப் பத்திகளோடு வைத்துப் படித்தேன். உங்கள் ஆங்கிலத்தில் பெரிய பழுது இல்லை. நீங்கள் எழுதத் தொடங்கும் நேரம்தான் தவறு. படித்து முடிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். முதல் பத்தியை எழுதியவர் யுபிஐ பற்றிப் பேசுகிறார். தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை வருணித்து அவர் தொடங்குவது, பணம் நடுவழியில் சிக்கிக்கொள்ளும்போது சிறு கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியை எழுப்புவதற்காக மட்டுமே. உங்கள் பிரெசியில் கடையும் அட்டையும் ஐம்பது சொற்களை எடுத்துக்கொண்டன; அந்தக் கேள்வி கடைசி வரியில் அரைகுறையாக நுழைந்திருக்கிறது. சொல் எண்ணிக்கை சரியாக இருந்தும், பத்தியை எழுதியவர் இதைப் படித்தால் தம்முடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த நன்னூலின் பத்துக் குற்றங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் நான்கும் பிரெசி திருத்துபவர் தேடும் குற்றங்களே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வு அயலானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை; 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்ற வினாவுக்கு விடை எழுதி வளர்ந்தவர்கள் நாம்.

நான் சொல்லும் முறை இது. பத்தியை இரண்டு முறை படியுங்கள்; முதல் முறை பேனாவைத் தொடவே வேண்டாம். இரண்டாம் முறை, ஒவ்வொரு பகுதியிலும் எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதை ஒரே வினைச்சொல்லாகத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்: தொடங்குகிறார், காரணம் காட்டுகிறார், மறுக்கிறார், எச்சரிக்கிறார். பிறகு பத்தியைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் தோழிக்குச் சொல்வதுபோல் முழுச் செய்தியையும் இரண்டு மூன்று வாக்கியங்களில் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகே ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடையில் தமிழ் புகுந்துவிட்டதால் மூலத்து ஆங்கிலத் தொடர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். சொந்த நடையில் எழுத வேண்டும் என்ற நிபந்தனை தனி முயற்சியின்றியே நிறைவேறிவிடும். ஆனால் தமிழில் சொன்னதை வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும் விசித்திரமான ஆங்கிலம் பிறக்கும்.

ஒரு மாதிரி காட்டினால் தெளிவாகும். எல்லோரும் பார்க்கும்படி இதைத் தமிழிலேயே தருகிறேன்.

"வங்கியில் பணம் போட்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், அந்த வங்கி நொடித்துப்போனால் தங்கள் பணம் என்னவாகும் என்று யோசிப்பதேயில்லை. இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு 1962இல் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை மட்டுமே பாதுகாப்பு இருந்தது. பின்னர் அந்த வரம்பு பலமுறை உயர்ந்து, 1993இல் ஒரு லட்சமாகி, 2020இல் ஐந்து லட்சமானது. ஒரே வங்கியின் பல கிளைகளில் பணம் வைத்திருந்தாலும் வரம்பு ஒன்றுதான். அண்ணா நகரில் மூன்று லட்சமும் அடையாறில் நான்கு லட்சமும் போட்டவருக்கு ஏழு லட்சம் கிடைக்காது. இதற்கான பிரீமியத்தை வங்கியே செலுத்துகிறது. வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. ஆகவே பெருந்தொகை வைத்திருப்பவர்கள் அதைப் பல வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது. ஆனால் வட்டி கூடுதல் என்பதற்காக மட்டும் வலுவற்ற வங்கியைத் தேடிப் போவது அறிவுடைமை ஆகாது."

இதில் 82 சொற்கள் உள்ளன. மூன்றில் ஒரு பங்கு 27. என் சுருக்கம் இப்படி அமைந்தது:

"வங்கி நொடித்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் காப்பீட்டு வரம்பு பலமுறை உயர்ந்து 2020இல் ஐந்து லட்சம் ரூபாயானது. கிளைகள் பலவானாலும் வரம்பு ஒன்றே என்பதால், வட்டியை மட்டும் பாராமல், பெருந்தொகையை வலுவுள்ள பல வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது."

1962, 1993 என்ற ஆண்டுகள் போய்விட்டன. வரம்பு ஏறிவந்தது என்ற செய்திக்கு 'பலமுறை' என்ற ஒரு சொல் போதும். அண்ணா நகரும் அடையாறும் எடுத்துக்காட்டுகள். அவை விளக்கிய விதி தங்கியதால் அவை தங்கத் தேவையில்லை. ஐந்து லட்சம் என்பது தங்கியாக வேண்டும், ஏனென்றால் 'பெருந்தொகை' என்ற சொல்லின் பொருளே அதைச் சார்ந்து நிற்கிறது. பிரீமியம் பற்றிய வாக்கியத்தை நான் முழுவதும் விட்டுவிட்டேன். அது உண்மையான, பயனுள்ள செய்திதான். ஆனால் முடிவுக்கு அது இட்டுச்செல்லவில்லை. இந்த இடத்தில் நீங்கள் என்னோடு வாதிடலாம். 'பிரீமியம் வங்கியின் பொறுப்பு' என்று மூன்று சொற்களைச் சேர்த்து முப்பதில் நிறுத்துபவரையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

கேள்வி: பிரெசிக்குத் தலைப்பு வைக்க வேண்டுமா? பயிற்சி மையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி, சென்னை

பதில்: வினாத்தாள் சொல்வதே சட்டம். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளில் தலைப்பு தர வேண்டாம் என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தாளுக்குப் பயிற்சி பெற்ற பழக்கத்தோடு வங்கித் தேர்வுக்கு வருபவர்கள், தலைப்பு கேட்ட இடத்திலும் விட்டுவிடுகிறார்கள். கேட்டிருந்தால் ஐந்தாறு சொற்களுக்குள் வையுங்கள். பத்தியின் பொருளை மட்டுமல்லாமல் அதன் நோக்கையும் தலைப்பு காட்டினால் சிறப்பு. 'வைப்புத்தொகைக் காப்பீடு' என்பதைவிட 'வைப்புத்தொகைக் காப்பீட்டின் எல்லை' என்பது மேலானது.

கேள்வி: மூலத்தில் 'நான்', 'நாம்' என்று வந்தால் அப்படியே எழுதலாமா? எதை விட்டாலும் ஆபத்தில்லை, எதை விட்டால் ஆபத்து என்று ஒரு விதி உண்டா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: படர்க்கையில் எழுதுவதே வழக்கம். 'ஆசிரியர் கூறுகிறார்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிச் சொற்களை வீணாக்க வேண்டாம்; கருத்து யாருடையது என்ற குழப்பம் எழும் இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். ஒரு வங்கியின் மண்டல அலுவலகத்தில் கடன் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில், சிறுதொழில் கடன் விண்ணப்பம் ஒன்றை அரைப் பக்கக் குறிப்பாக்கித் தரச் சொன்னார்கள். கூடுதல் ஈடு பெற்ற பிறகு கடன் வழங்கலாம் என்று கிளை மேலாளர் எழுதியிருந்தார். நான் இடம் மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, கடன் வழங்கலாம் என்று கிளை மேலாளர் பரிந்துரைப்பதாக எழுதிவிட்டேன். மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பினார்; அந்த வரிக்கு அருகே பச்சை மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. நான் விட்டது நான்கே சொற்கள்தான். ஆனால் பணம் முழுவதும் அந்த நான்கில்தான் நின்றது.

ஆகவே எடுத்துக்காட்டு, மேற்கோள், உவமை, அடுக்கிவரும் அடைமொழிகள் ஆகியவற்றைத் தயங்காமல் விடுங்கள். நிபந்தனையையும் எல்லையையும் காட்டும் சிறு சொற்களில் கை வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஒன்லி, அன்லெஸ், மே, மோஸ்ட் போன்றவை ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஒரு சொல்தான். அவற்றை எடுத்துவிட்டால் 'கூடும்' என்றது 'ஆகும்' என்று மாறிவிடும். சொல்லை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது: வங்கியில் பணம் போட்டு வைத்திருப்பவர்கள் என்று ஆங்கிலத்தில் எட்டுச் சொல்லில் நீட்டிய தொடருக்கு டெபாசிட்டர்ஸ் என்ற ஒரு சொல் இருக்கிறதல்லவா? அத்தகைய சொற்களை நாளொன்றுக்கு இரண்டாகக் குறித்துவாருங்கள்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து பூக்கடைப் பகுதிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பயிற்சிக்குக் கிடைப்பது மின்சார ரயிலில் போகும் நேரமும் இரவில் ஒரு மணி நேரமும்தான். எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகர், தாம்பரம்

பதில்: ரயிலில் எழுத வேண்டாம், படியுங்கள். நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து, கோடம்பாக்கம் வருவதற்குள் படித்து முடித்து, பூங்கா நிலையம் வருவதற்குள் அதன் சாரத்தை இரண்டு வாக்கியமாக மனத்தில் உருவாக்கிக்கொள்ளுங்கள். இரவில் தட்டச்சு செய்யுங்கள், அதுவும் கைப்பேசியில் அல்லாமல் கணினி விசைப்பலகையில். கிரேடு பி இரண்டாம் கட்டத்தின் ஆங்கிலத் தாள் 90 நிமிடம், 100 மதிப்பெண். விடையை விசைப்பலகையில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் கிரேடு ஏ தேர்வின் ஆங்கிலத் தாளும் ஏறக்குறைய அதே அமைப்புதான். ஸ்டேட் வங்கியின் பிஓ (தகுதிகாண் அதிகாரி) தேர்விலும் விரித்தெழுதும் பகுதியில் பிரெசி இப்போது இடம்பெறுகிறது. அங்கே அந்தப் பகுதி முழுவதற்கும் அரை மணி நேரமே என்பதால், மெதுவாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு யோசிக்கவே நேரம் எஞ்சாது.

90 நிமிடத் தாளில் பிரெசிக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள்: படிக்கவும் குறிப்பெடுக்கவும் பத்து, எழுதப் பத்து, எண்ணவும் திருத்தவும் ஐந்து. வாரத்துக்கு மூன்று எழுதினால் போதும். எழுதிய மூன்றில் ஒன்றை, மூலப் பத்தியைப் பார்க்காத ஒருவரிடம், வீட்டில் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களிடம், படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொண்டு மூலத்தில் தேடுங்கள். விடை அங்கே இருந்தால், நீங்கள் விடக்கூடாத ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

கொளத்தூர் வாசகி அடுத்த இரண்டு பிரெசிகளையும் அனுப்பலாம். இந்த முறை ஓரத்தில் தமிழில் குறித்த வினைச்சொற்களையும் அழிக்காமல் அனுப்புங்கள்; நான் முதலில் பார்க்கப்போவது அவற்றைத்தான்.