டிம் டங்கன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1997 முதல் 2016 வரை, 19 சீசனும் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர் டிம் டங்கன். அந்த ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் நான். கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இரண்டு நிமிட வீடியோத் துண்டுகளை வைத்து அவரை எடை போடாதீர்கள். அவருடைய ஆட்டம் துண்டுகளில் அகப்படாது.

கேள்வி: நீச்சல்காரர் எப்படிக் கூடைப்பந்துக்கு வந்தார்? புயல்தான் காரணமா?

பாதி காரணம். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் செயின்ட் குரோய் தீவில் 1976-ல் பிறந்தவர். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துவார். அக்கா ட்ரிஷா 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர், தம்பிக்கும் அதே கனவு. 1989-ல் ஹ்யூகோ சூறாவளி அந்தத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை அழித்துவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். சுறாவுக்குப் பயந்து டங்கனுக்கு ஆர்வம் போய்விட்டது.

எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மறு வருடம், அவருடைய 14-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா அயோனி மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். நீச்சலை அவர் திரும்பிப் பார்க்காததற்குக் குளத்தைவிட இந்த இழப்புதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னதாகவே போகாமல், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியல் படித்து முடித்தார். பந்தையே ஒன்பதாம் வகுப்பில்தான் கையில் எடுத்தார். 1997-ல் டிராஃப்டின் முதல் ஆள் அவர்!

கேள்வி: வெளிநாட்டு வீரர் என்று சொல்லலாமா?

கூடாது. வர்ஜின் தீவுகள் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. அவர் அமெரிக்கக் குடிமகன்.

கேள்வி: டங்கனா, லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்டா, யார் பெரியவர்?

ஐந்து சாம்பியன் பட்டம் இவருக்கு, ஐந்து அவருக்கு. டங்கன் வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர், கோபி தள்ளியிருந்து பந்தோடு வந்து ஆடியவர். இந்த ஒப்பீட்டால் இரண்டு பேருடைய ஆட்டமும் புரியாமல் போகிறது.

கேள்வி: பந்தை ஏன் எப்போதும் வளையத்துக்குப் பின்னாலிருக்கும் போர்டில் அடித்தே போட்டார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வளையத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் நிற்கும்போது போர்டு நமக்குத் துணை வருகிறது. நேராக வளையத்தைக் குறிவைத்த பந்து கொஞ்சம் வேகம் கூடினால் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். போர்டில் பட்ட பந்து வேகம் குறைந்து கீழே இறங்கும், சின்னப் பிழையை மன்னித்துவிடும். போர்டில் வரைந்திருக்கும் சிறிய கட்டம் 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம். அதன் மேல் மூலைக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாக வைத்தால் போதும்.

ஆனால் ஷாட் கடைசிக் காரியம். டங்கன் இடது பக்கம் பந்தை வாங்கி, திரும்பி, ஒரு காலை முன்னே வைத்துக் காத்திருப்பார். தடுப்பவர் பின்வாங்கினால் போர்டு ஷாட். நெருங்கி வந்தால் பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி அவரைத் தாண்டிப் போவார். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். இளையவர்கள் ஷாட்டை மட்டும் பழகுகிறார்கள், காலைப் பழகுவதில்லை. வீடியோத் துண்டில் கால் தெரியாது என்பதால்தான் முதலிலேயே எச்சரித்தேன்.

கேள்வி: அவர் உண்மையில் வளையத்தடியில் நிற்கும் சென்டர்தானே? சென்டருக்குப் பக்கத்தில் ஆடும் பவர் ஃபார்வர்டு என்பது வெறும் பெயர்தானே?

ஸ்பர்ஸில் அவருடைய தோழர் டேவிட் ராபின்சன் இருந்தவரை இல்லை. 2003 வரை ராபின்சன்தான் சென்டர். டங்கன் பக்கத்தில் நின்று, வளையத்திலிருந்து தள்ளி வருபவர்களையும் காத்தார்.

கேள்வி: 2003-க்குப் பிறகு?

சரி, அங்கே உங்களுக்குப் பாதி வெற்றி தருகிறேன். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் பக்கத்தில் இன்னொரு சென்டரை நிறுத்தினாலும், ஆட்டம் இறுகும் கடைசி நிமிடங்களில் வளையத்தைக் காத்தது டங்கன்தான். 2013-ல் லீக்கின் சிறந்த முதல் ஐவரில் அவரைச் சென்டராகவே தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் ஒன்பது முறை ஃபார்வர்டாக.

கேள்வி: அப்படியானால் "எக்காலத்திலும் சிறந்த பவர் ஃபார்வர்டு" பட்டம் செல்லாது!

செல்லும். அவருடைய முதல் நான்கு சாம்பியன் பட்டங்களும் அவர் ஃபார்வர்டு என்று எண்ணப்பட்ட காலத்தில் வந்தவை. சென்டர் வேலையையும் சேர்த்துச் செய்தார் என்பது அவருக்குக் கூடுதல் மதிப்பு. அதைக் காரணம் காட்டிப் பெயரைப் பறிப்பது நியாயமில்லை. இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டவில்லை.

கேள்வி: இன்னொரு பவர் ஃபார்வர்டான கெவின் கார்னெட்டா, டங்கனா, யார் பெரியவர்?

கோபி கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி: அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. ஃபவுலுக்குப் பிறகு தடுப்பவர் இல்லாமல் போடும் ஃப்ரீ த்ரோ. வாழ்நாள் கணக்கில் 70 சதவீதத்தைத் தொடவில்லை. சில ஆட்டங்களில் அது அணியை வருத்தியது. 2004 ஒலிம்பிக்கிலும் அவர் ஆடிய அமெரிக்க அணி மூன்று ஆட்டம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. தங்கம் வென்ற அர்ஜென்டினாவில் ஆடியவர் ஸ்பர்ஸில் அவருடைய தோழர் மனு ஜினோபிலி.

கேள்வி: கோபம், சிரிப்பு எதுவுமே வராதா அவருக்கு?

வரும். 2007-ல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காகவே ஒரு நடுவர் அவரை வெளியேற்றினார். லீக் அந்த நடுவரைத்தான் இடைநீக்கம் செய்தது.

கேள்வி: சென்டர் ஷாக் ஓ'நீலா, டங்கனா...

இந்த வகைக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை. மன்னியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கச் சொன்னால்?

சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடரான ஃபைனல்ஸில், 2003-ன் ஆறாவது ஆட்டம், நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராக. டங்கனுக்கு 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடித்தது), 10 அசிஸ்ட் (தோழர் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தது), 8 பிளாக் (எதிரியின் ஷாட்டைத் தடுத்தது). ராபின்சனின் கடைசி ஆட்டமும் அதுவே. பின்தங்கியிருந்த ஸ்பர்ஸ் நான்காவது கால்பகுதியில் தொடர்ந்து 19 புள்ளி எடுத்தது. அந்த நேரத்தில் டங்கன் கையில் பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

அதைப் பார்த்து முடித்ததும் 2013 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். எதிரணி மயாமி இரண்டு புள்ளி முன்னிலை. வளையத்துக்குக் கீழே வழக்கமாக விழும் பந்தை டங்கன் தவறவிடுகிறார், திரும்ப வந்த பந்தைத் தட்டுகிறார், அதுவும் விழவில்லை. ஓடி வந்து இரண்டு கையாலும் தரையை அறைகிறார். அடுத்த வருடம் அதே மயாமியை 4-1 என்று வென்றபோது அவருக்கு வயது 38. இரண்டையும் ஒரே நாளில், முழுதாகப் பாருங்கள்.